கடிகாரத்தை யாரும் அமுக்குவதில்லை

எட்டாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் உறங்கிய பிறகு அம்மா பதினொரு நிமிடம் விழித்திருந்தாள். அந்தப் பதினொரு நிமிடமும் அவளுக்கு எதிரே இருந்த திரையில் யாரும் இல்லை.

அது நடந்த இருபத்தொன்பதாம் நாள் காலை இவாஞ்சலின் சென்னையிலிருந்து பொன்மலைக்கு வந்தாள். மறுநாள் முப்பதாம் நாள் பூசை. ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவில் ஏறியபோதும், வீட்டுச் சுவரில் இன்னும் ஒட்டியிருந்த கறுப்புக்கரை போட்ட அறிவிப்பில் அம்மாவின் படத்தைப் பார்த்தபோதும் அவளுக்கு அழுகை வரவில்லை. இந்த இருபத்தொன்பது நாளும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது. தொட்டால் தெரிந்தது. வலிக்கவில்லை.

அப்பா சவரிநாதன் கூடத்தில் மேசைக்கணினியின் முன் உட்கார்ந்திருந்தார். திரையின் வலது கீழ் மூலையில் 9:52 என்று இருந்தது. அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோய் வலது பொத்தானை அமுக்கினார். ஒரே ஒரு வரி வந்தது: ‘நாளும் நேரமும்.’ அதை அமுக்கினார். நாளும் நேரமும் வந்தன. மூடினார். மறுபடி அமுக்கினார்.

“அப்பா.”

“வாம்மா. வண்டி லேட்டா?”

“இல்லப்பா. கரெக்டாத்தான் வந்துச்சு.”

“ஒம்பது பன்னெண்டுக்கு உள்ள வந்திருக்கணும். ஆட்டோக்காரன் சுத்திக் கூட்டிட்டு வந்தானா?”

அப்பா முப்பத்துநான்கு வருடம் ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலராக இருந்தவர். எந்த வண்டி எங்கே போகிறது, எது எதற்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதை ஓர் அறையில் உட்கார்ந்தபடி தீர்மானிக்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் வாயில் அந்த நேரம்தான் வரும். சாயங்காலம் ஐந்தரை என்று சொல்ல மாட்டார். பதினேழு முப்பது என்பார்.

“எதுக்குப்பா அதையே அமுக்கிட்டு இருக்கீங்க?”

“சும்மா. கை போகுது.” அவர் எழுந்தார். “நான்தான் எதையோ அமுக்கித் தொலைச்சிட்டேன். எதைன்னு தெரியல.”

இவா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பையை வைத்துவிட்டுக் காப்பி போடப் போனாள்.

திரையின் அந்த மூலையில் முன்பு இரண்டு நேரம் இருக்கும். மேலே ஊர் நேரம். கீழே சின்ன எழுத்தில், பச்சை நிறத்தில், அம்மாவின் நேரம்.

அம்மாவுக்கு வந்த நரம்பு நோய்க்கு மருந்து இல்லை. ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மருந்து வரும்வரை நோயாளியைக் காத்திருக்க வைக்க ஒரு வழி வந்திருந்தது. உடம்பைக் குளிர்வித்து மந்த உறக்கத்தில் இறக்குவார்கள். நமக்கு நாற்பத்தைந்து நாள் போனால் அந்த உடம்புக்கு ஒரு நாள் போகும். நோயும் அதே வேகத்தில்தான் நகரும். பச்சைமலை அடிவாரத்தில் அப்படி ஒரு மருத்துவமனை. உள்ளே யாரையும் விடமாட்டார்கள். உடம்புக்கு எட்டாம் நாள் காலை ஆறு மணி ஆகும்போது, அதாவது நமக்கு ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு ஒருமுறை, பதினொரு நிமிடம் மேலே கொண்டுவருவார்கள். வீட்டார் தங்கள் கணினியிலிருந்து திரையைத் திறந்து பேசலாம். பேசி முடிந்ததும் டாக்டர் கேட்பார்: மறுபடி இறங்குகிறீர்களா? ஒவ்வொரு முறையும் நோயாளியின் வாயால் சம்மதம் வாங்க வேண்டும் என்பது சட்டம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். அந்த உடம்பு அப்புறம் ஒரு மணி நேரம் தாங்காது.

மருந்தின் அளவைப் பொறுத்து வேகம் மாறிக்கொண்டே இருக்கும். நாற்பத்துநான்கரை, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. அதனால் அடுத்த விழிப்பு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இதற்கு ஒரு வசதி கணினிக் கடிகாரத்தில் இருந்தது. இரண்டாம் கடிகாரம் என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குத் தனி வேகம் கொடுக்கலாம். மருத்துவமனையிலிருந்து வரும் எண்ணோடு அதை இணைத்துவிட்டால் அதுவாகவே நகரும், நேரம் நெருங்கும்போது மணியடிக்கும். அந்த வசதி வந்ததும் மருத்துவமனை வீட்டாருக்குத் தகவல் சொல்லும் பிரிவையே மூடிவிட்டது. எல்லாம்தான் உங்கள் கடிகாரத்தில் வருகிறதே.

அப்பா ஐந்து வருடம் அந்தப் பச்சை எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்கம்மாவுக்கு இப்ப ராத்திரி ரெண்டு மணி” என்பார். ஏழெட்டு நாள் கழித்து, “இப்பதான் விடியுது” என்பார்.

நான்கு விழிப்புகளுக்கு இவாவும் கூட இருந்தாள். முதல் முறை கண்ணைத் திறந்ததும் அம்மா கேட்டாள். “மருந்து வந்துடுச்சா?”

“அடுத்த தடவைக்கு வந்துடும் ஃபிலோ” என்றார் அப்பா.

மூன்றாம் முறை அம்மா சிரித்தாள். “போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.” அவளுக்கு அது போன வாரம்தான்.

நான்காம் முறையும் அவர் அதையே சொன்னார். இந்த மே மாதம் கடிதம் வந்தது. ஆராய்ச்சி பலனளிக்காததால் நிறுத்தப்படுகிறது. அப்பா அன்று மாலை போன் செய்து, “நிறுத்திட்டாங்களாம்” என்றார்.

“அம்மாகிட்ட என்ன சொல்றது?”

“பாத்துக்கலாம்” என்று வைத்துவிட்டார்.

காப்பி ஆறுவதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. மஞ்சள் நிற ஸ்கூல் வேன். ஓட்டுகிற இருக்கையிலிருந்து பர்வீன் அக்கா இறங்கினார். பாலக்கரைக்காரர். அவர் கணவரும் அதே மருத்துவமனையில் மந்த உறக்கத்தில் இருந்தார். கையில் ஒரு நெகிழி உறை.

“என்ன இவா, ஒட்டடைக் குச்சி மாதிரி ஆயிட்டே! மெட்ராஸ்ல சோறு போடறது இல்லையா?”

“சாப்பிடறேன்க்கா.”

“எங்க, காத்தையா?” அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரல் தணிந்தது. “அண்ணே. இன்னிக்கும் விடமாட்டேன். ஒரே ஒரு கையெழுத்து.”

அப்பா உறையை வாங்கி மேசைமேல் வைத்தார். பிரிக்கவில்லை.

“நூத்திப் பன்னெண்டு குடும்பம் இதுல இருக்கு” என்றார் பர்வீன், இவாவைப் பார்த்து. “அந்தக் கடிகாரத்தைத் திரும்பப் போடச் சொல்லி கேஸு. ஆனா, மனுஷ உயிர் போனது உங்க வீட்டுல மட்டும்தான். அண்ணன் மனு இல்லாம கோர்ட்டு இதை அவசரமா எடுக்காதாம். வருஷக் கணக்கா இழுத்துக்கிட்டுப் போகுமாம். வக்கீல் சொல்றாரு.”

“கம்பெனில எழுதிக் கேக்கலியாக்கா?” இவாவுக்குத் தன் குரல் வேறெங்கோ இருந்து வருவதுபோல் இருந்தது.

“கேக்காம? ‘வடிவமைப்பின்படியே இயங்குகிறது’ன்னு ஒரு பதிலு. எழுதிக் கேட்ட நாப்பது பேருக்கும் அதே பதிலு. ஆஸ்பத்திரியில கேட்டா, நாங்க அனுப்பிட்டோம், உங்க கடிகாரத்துல வரலேன்னா நாங்க என்ன பண்றதுங்கிறான்.” அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். “எங்க வீட்டு ஆளுக்கு இன்னும் பத்தொம்பது நாள்தான். அதுவும் அண்ணன் எங்கேயோ விசாரிச்சுச் சொன்னதால தெரியுது. மத்தவங்களுக்கு யாரு சொல்லுவா?”

“நான்தான் எதையோ அமுக்கிட்டேன்மா” என்றார் அப்பா. “கம்பெனி மேல எப்படிப் பழி போடறது?”

“அண்ணே, நூத்திப் பன்னெண்டு வீட்டுலயும் நீங்களா ஏறிப் போயி அமுக்குனீங்க?”

அப்பா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“உன் கம்பெனி சமாச்சாரம்தானே இது இவா? எவன் எடுத்தான்னு தெரிஞ்சா சொல்லு. வேன்ல ஏத்தி நம்ம யூகேஜி பசங்களோட ஒரு ரவுண்டு விட்டுடறேன். தானா திருப்பிப் போட்டுருவான்.”

“பெரிய கம்பெனிக்கா” என்றாள் இவா.

“நாளைக்கு நாலு மணிக்கு வரேன். பூசை முடிஞ்ச கையோட போட்டு வைங்க.” வேன் கிளம்பிப் போனது.

இவாவின் குழுவில் ஆறு பேர். கணினித் திரையின் விளிம்புகள் அவர்கள் பொறுப்பு. கடிகாரம், ஒலி அளவு, மின்கல அடையாளம். வருடத்துக்கு ஒருமுறை களையெடுப்பு என்று ஒன்று நடக்கும். யாரும் பயன்படுத்தாத தெரிவுகளை எடுத்துவிடுவது. எந்தத் தெரிவு எத்தனை பேருக்குத் தேவை என்று எண்ணிக் கொடுப்பது இவாவின் வேலை. எண்ணுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. போன ஒரு வருடத்தில் அந்தத் தெரிவை எத்தனை பேர் திறந்தார்கள்?

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தெரிவை எடுக்கப்போகும்போது யாராவது “எங்க வீட்டுல இதை யூஸ் பண்றாங்களே” என்று ஆரம்பித்தால் அதற்கு வீட்டுக் கதை என்று பெயர். எண்ணுக்கு முன்னால் வீட்டுக் கதை செல்லாது. சொன்னவர் எல்லோருக்கும் சமோசா வாங்கித்தர வேண்டும். போன வருடம் பிரணவ் தன் மாமனாருக்காக வாயைத் திறந்து பன்னிரண்டு சமோசா வாங்கினான்.

இந்த வருடம் கடிகாரத்தில் மட்டும் முப்பத்தொரு தெரிவுகள் பட்டியலில் இருந்தன. நொடி காட்டுவது, இருபத்துநான்கு மணிக் கணக்கு, எழுத்தின் அளவு, நிறம். ராகுகாலம் பிழைத்துக்கொண்டது. அதை ஜனங்கள் தினமும் திறந்து பார்த்தார்கள். இருபத்திரண்டாவது வரி: ‘இரண்டாம் கடிகாரம், தனி வேகத்துடன்.’ அதை ஒருமுறை பொருத்திவிட்டால் அப்புறம் யாரும் திறப்பதில்லை. பார்ப்பதோடு சரி. எண்ணில் பூஜ்யத்துக்கு அருகே வந்தது.

பட்டியலைப் போட்டபோதே இவாவுக்கு அது கண்ணில் பட்டது. கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

“இருபத்திரண்டு” என்றார் குழுத் தலைவி தாட்சாயணி. “யாருக்காவது வீட்டுக் கதை இருக்கா? சீக்கிரம் சொல்லுங்கப்பா, எனக்குப் பசிக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து முகங்கள் மேசையைச் சுற்றி. இவா வாயைத் திறந்தாள். எங்க அம்மா என்று ஆரம்பிக்க வேண்டும். மந்த உறக்கம் என்று விளக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நிற்கும். ஸாரி இவா என்பார்கள். எல்லோரும் தன்னையே பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் அவள் கூட்டத்தில் தானாகப் பேசியது மூன்று முறையோ நான்கு முறையோ.

தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

“இருபத்திமூணு” என்றார் தாட்சாயணி.

ஜூன் நான்காம் தேதி புதிய பதிப்பு எல்லா வீடுகளுக்கும் போனது. ஐந்தாம் தேதி அவளுடைய வரிசையில் ஒரு புகார் வந்தது. கடிகாரப் புகார்கள் அவளுக்குத்தான் வரும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும்.

‘ஐயா, இம்மாதம் 4ஆம் தேதி 07.10 மணி முதல் இரண்டாம் கடிகாரம் காணப்படவில்லை. வேறு பழுது ஏதுமில்லை. ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.’

பெயர் தேவைப்படவில்லை. பதிலுக்கு ஒரு தயார் வாசகம் உண்டு. ‘தங்கள் கடிகாரம் வடிவமைப்பின்படியே இயங்குகிறது. தாங்கள் அமைப்புகளில் ஏதேனும் மாற்றம் செய்திருக்கலாம். சரிபார்க்கவும்.’ அதை அனுப்பிவிட்டு மூட வேண்டும். அனுப்பினாள். மூடினாள்.

அன்றிரவு அப்பா போனிலும் கேட்டார். “அடுத்த பதிப்புல வந்துடும்ப்பா” என்றாள். ஆபத்தான நேரம் வந்தால் ஆஸ்பத்திரியில் கூப்பிடத்தானே செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய கணினியில் இரண்டாம் கடிகாரம் ஒருபோதும் இருந்ததில்லை. அப்பா சொல்வார் என்று ஐந்து வருடமும் இருந்துவிட்டாள்.

அடக்கத்துக்குப் பிறகு தாட்சாயணியிடம் எல்லாம் சொன்னாள். தாட்சாயணியின் கண் கலங்கியது. அவளைக் கட்டிக்கொண்டார். ஆனால் போன பதிப்பில் எடுத்ததை ஒரு வீட்டுக்காகத் திரும்பப் போட மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கோர்ட் உத்தரவு கித்தரவு வந்தால்தான் என்றார். இம்முறை யாரும் சமோசா கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து அப்பா மருத்துவமனை அனுப்பிய தாளை எடுத்துக் காட்டினார். பூசைக்கு வரும் சாமியார் கேட்டாராம், கடைசியாக என்ன பேசினாள் என்று. இவா முன்பே படித்திருந்தாள். மறுபடி படித்தாள்.

‘17.40 விழிப்பு. 17.43 நோயாளி: “யாரும் வரலையா?” 17.44 பதிவான எண்ணுக்கு அழைப்பு. எடுக்கப்படவில்லை. 17.46 நோயாளி: “வெளியில மணி என்ன?” சொல்லப்பட்டது. 17.51 சம்மதம் கேட்கப்பட்டது. மறுத்தார். 18.38 இறப்பு.’

“மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன்” என்றார் அப்பா, யாரும் கேட்காமலே. எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். “போன் கீழ கெடந்துச்சு.”

“விடுங்கப்பா.”

அவர் தாளை நான்காக மடித்தார். “ஒண்ணு கேக்கறேன். ஒரு வசதி வேணுமா வேணாமான்னு உங்க ஆபீஸ்ல எப்படி முடிவு பண்ணுவாங்க?”

“எத்தனை பேர் யூஸ் பண்றாங்கன்னு பாப்பாங்க.”

“அது எப்படித் தெரியும்?”

“அமுக்கினாத் தெரியும்ப்பா.”

அப்பா மடித்த தாளை மேசைமேல் வைத்தார். “கடிகாரத்தை யாரு அமுக்குவா? பாக்கத்தானே செய்வாங்க.”

“ஆமாப்பா.”

“பாக்கறதை எண்ண முடியாதா?”

“முடியாது.”

“அப்ப கன்ட்ரோல் ஆபீஸ்ல என்னை வெச்சு எண்ணியிருந்தா, நான் இருந்ததே இல்லைன்னு ஆயிருக்கும்” என்றார். “எட்டு மணி நேரமும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்.” அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

இவா கூடத்தில் உட்கார்ந்து மனுவைப் பிரித்துப் படித்தாள். மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குக் கோடு. அப்பா போட மாட்டார். கம்பெனி அனுப்பிய ஒரு வாசகத்தை நம்பி, தன் கை தவறிவிட்டது என்று மனைவியின் சாவைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒரு மாதமாக வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த வாசகத்தை அனுப்பியவள் அவர் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வலிக்க வேண்டும். வலிக்கவில்லை.

பூசை காலை ஆறரைக்கு. ‘ஃபிலோமினா சவரிநாதனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று சாமியார் படித்தார். அப்புறம் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினார்கள். காற்று இரண்டு முறை அணைத்தது. அப்பா குனிந்து கையால் மறைத்துக்கொண்டு மூன்றாம் முறை ஏற்றினார். வீட்டில் இருபது பேருக்குச் சாப்பாடு. “அந்தக் கடிகாரம் இப்படிச் சதி பண்ணிடுச்சே” என்று யாரோ சொல்ல, “நான்தான் எதையோ அமுக்கிட்டேன்” என்று அப்பா மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

எல்லோரும் போனபோது மணி மூன்றேகால். அப்பா கணினியின் முன் வந்து உட்கார்ந்தார். கை சுட்டியைத் தேடிப் போனது.

“அப்பா, அதை விடுங்க. நீங்க எதையும் அமுக்கல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எடுத்தது நான்தான்ப்பா.”

அவர் திரும்பினார்.

இவா நின்றுகொண்டே சொன்னாள். எண்ணிக் கொடுத்தது யார் என்று சொன்னாள். இருபத்திரண்டாவது வரி என்னவென்று தனக்குத் தெரியும் என்று சொன்னாள். “வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாராவது இருக்கீங்களான்னு கேட்டாங்க. எனக்குக் கூச்சமா இருந்துச்சு. வீட்டுக் கதை சொன்னா எல்லாருக்கும் சமோசா வாங்கித் தரணும்.”

“சமோசாவா?”

“ஆமாப்பா.”

அப்பா சுட்டியிலிருந்து கையை எடுத்தார்.

“உங்க புகார் எனக்குத்தான் வந்துச்சு. ஏழு பத்துன்னு எழுதியிருந்தீங்க. பாத்த உடனே நீங்கன்னு தெரியும். ‘ஏதேனும் மாற்றம் செய்திருக்கலாம்’னு பதில் போட்டது நான்தான். நீங்க அதை நம்பிட்டீங்க.” அவள் மேசையிலிருந்து மனுவை எடுத்து அவர் முன் வைத்தாள். பேனாவைத் திறந்து வைத்தாள். “கையெழுத்துப் போடுங்கப்பா. என் பேரையும் எழுதுங்க. கோர்ட்டுல வந்து இதையே சொல்றேன். வேலை போனா போகட்டும். பர்வீன் அக்கா வீட்டுக்காரருக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு.”

அப்பா பேனாவைப் பார்த்தார். எடுக்கவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி மூன்றாம் வரியில் விரலை வைத்தார்.

“இதைப் படி.”

“‘மேற்கண்ட வசதி நீக்கப்பட்டதால் விழிப்பு நேரம் எனக்குத் தெரியாமல் போனது என்று சத்தியமாக உறுதி கூறுகிறேன்.’”

“சத்தியமாகன்னு போட்டிருக்கான்.”

அவர் எழுந்து படுக்கையறைக்குப் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. “இங்க வா” என்றார்.

பீரோக் கதவின் உட்பக்கத்தில் வரைபடத் தாள்களை நீளமாக ஒட்டியிருந்தார். அடியில் இடமிருந்து வலமாகத் தேதிகள். பக்கவாட்டில், ஸ்டேஷன் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில், முதல் நாள், இரண்டாம் நாள் என்று எட்டாம் நாள் காலைவரை. பழைய நாளில் கன்ட்ரோல் அறையில் வண்டிகளை இப்படித்தான் கோடாகப் போடுவார்கள் என்று சின்ன வயதில் அவளுக்குக் காட்டியிருக்கிறார். வேகமான வண்டி செங்குத்தாக ஏறும். இந்தக் கோடு ஏறுவதே தெரியவில்லை. தரையோடு தரையாக, பென்சிலில், ஒவ்வொரு நாளும் ஒரு சின்னப் புள்ளி.

“ஆஸ்பத்திரியோட இணையப் பக்கத்துல தினம் காலையில அன்னன்னிக்கு விகிதம் போடுவான்” என்றார் அப்பா. “அது போதும். பெருக்கிக் கோடு இழுக்க வேண்டியதுதான். இதைத்தானே முப்பத்திநாலு வருஷம் பண்ணேன்.”

ஜூன் ஐந்தில் முதல் புள்ளி. அங்கிருந்து பதினேழு புள்ளிகள். கோடு எட்டாம் நாள் காலையைத் தொட்ட இடத்தில் ஒரு வட்டம். பக்கத்தில் அவருடைய நேரான கையெழுத்து: 21.6, 17.40.

அதற்குக் கீழே சிவப்பு பென்சிலில் இன்னொரு கோடு இன்னும் போய்க்கொண்டிருந்தது. ‘பர்வீன் வீடு’ என்று எழுதியிருந்தது. நேற்றுக் காலையும் புள்ளி வைத்திருந்தார். இன்று காலையும் வைத்திருந்தார்.

இவா வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் உள்ளே இருந்த நேரத்தை இரண்டு முறை படித்தாள். தாடையில் ஊசி விடுபடும்போது முதலில் ஒரு நமைச்சல் வரும். அதுபோல ஒன்று நெஞ்சுக்குள் ஆரம்பித்தது.

“அப்பா, இதை எப்பப் போட்டீங்க?”

“போட்டுக்கிட்டேதான் இருந்தேன். அதுக்கு முந்தின நாளே மணி வரைக்கும் தெரிஞ்சுபோச்சு.” அவர் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டார். “கண்ணைத் தொறந்ததும் அவ என்ன கேப்பான்னு உனக்குத் தெரியாதா? நாலு தடவை சொல்லியாச்சு. கடுதாசியைக் கையில வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை அதையே எப்படிச் சொல்றது? உள்ளதைச் சொன்னா இறங்க மாட்டா. சொல்லாம விட்டா...”

வாசலில் வேன் வந்து நின்றது. பர்வீன் அக்கா இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

அப்பா கூடத்துக்கு வந்து கணினியின் முன் கிடந்த நாற்காலியின் முதுகில் கையை வைத்தார்.

“நான் மாடிக்கெல்லாம் போகல இவா. பதினேழு நாப்பதுக்கு இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்” என்றார். “போன் அடிச்சப்பவும்.”